பள்ளித் தோழர்களோடு சேர்ந்து புலனுணர்வுத் தோட்டம் அமைப்பது எப்படி: செட்டிநாட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மணி அடிக்கும்போது இரு காதுகளையும் பொத்திக்கொள்ளும் பிள்ளை, சட்டைக் காலர் கழுத்தில் உரசுவதைப் பொறுக்க முடியாமல் நாள் முழுவதும் தவிக்கும் பிள்ளை, காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் பாடத்தைக் கவனிக்க முடிகிற பிள்ளை என, ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் சிலர் இருக்கிறார்கள். ஆட்டிசம் (பிறரோடு பழகும் விதத்திலும் புலனுணர்விலும் வேறுபாடு), ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, மிகைத் துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் தடுமாற்றம்), டிஸ்பிராக்சியா (உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் தடுமாற்றம்) எனப் பல பெயர்களால் குறிக்கப்படும் நரம்பியல் வேறுபாடுகளோடு வாழ்பவர்களில் பலருக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் மணமும் மற்றவர்களுக்கு எட்டும் அளவில் எட்டுவதில்லை. சிலருக்கு மிகுதியாகவும் சிலருக்கு மிகக் குறைவாகவும் எட்டுகின்றன. ஆட்டிசத்தை அடையாளம் காண உலகெங்கும் பயன்படும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, 2013-இல் வெளிவந்த தன் ஐந்தாம் பதிப்பில், இந்தப் புலனுணர்வு வேறுபாட்டையும் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் இடம்பெற்றுள்ளன. ஆகவே இத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளி வளாகத்தில் ஓர் ஏற்ற இடம் அமைவது எவரும் மனமிரங்கிச் செய்யும் உதவியன்று.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் தாமாகவே முன்னின்று அத்தகைய இடமாக ஒரு புலனுணர்வுத் தோட்டத்தை, அதாவது தொட்டும் முகர்ந்தும் கேட்டும் அசைந்தும் பழகும் தோட்டத்தை, அமைக்க முடியும். தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நிறைய வண்ணம், நிறைய மணம், நிறைய ஓசை என்று அள்ளிக் கொட்டினால் அது கண்காட்சியாகுமே தவிர, புலனுணர்வுத் தோட்டமாகாது. ஒவ்வோர் உணர்வையும் வேண்டுமென்றால் நெருங்கவும், வேண்டாமென்றால் அங்கிருந்து உடனே விலகவும் இடம் தருவதே நல்ல தோட்டம். அதைவிட முக்கியமானது, யாருக்காக அமைக்கிறோமோ அவர்கள் முதல் நாளிலிருந்தே அமைப்பவர்களுள் ஒருவராக இருப்பது.

முதலில் கேட்பது

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் குறைந்தது ஒரு மாதத்தைக் கேட்பதற்கு ஒதுக்குங்கள். வகுப்பின் நடுவே நிறுத்தி, “உனக்கு எது பிடிக்கும்?” என்று கேட்பது கேட்பதாகாது, பலருக்கு அந்தக் கேள்வியே பெருஞ்சுமை. தனித்தனியாக, அவர்களுக்குப் பழக்கமான இடத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். எழுதிக் காட்ட விரும்புபவர் எழுதலாம். படங்களைத் தொட்டுக் காட்ட விரும்புபவருக்குப் படங்களைத் தரலாம். கேள்விகளும் திட்டவட்டமாக இருக்கட்டும்: “பள்ளியில் எந்த இடத்தைத் தாண்டிப் போகவே பிடிக்கவில்லை? எந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்காரத் தோன்றுகிறது? ஈர மணலைத் தொடப் பிடிக்குமா, காய்ந்த மணலையா?”

பேச்சு வராத தோழர்களிடமும் கேட்கலாம். நம் ஊர்ப் பனையோலைக் கொட்டான்கள் ஐந்தாறை எடுத்து, ஒன்றில் ஈர மணல், ஒன்றில் தேங்காய் நார், ஒன்றில் வெட்டிவேர், ஒன்றில் இலவம்பஞ்சு, ஒன்றில் வழவழப்பான பெரிய கூழாங்கற்கள் என வைத்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள். விரல் நுனியால் ஒருமுறை தொட்டு உடனே கையைத் துடைத்துக்கொள்வதும், முழங்கை வரை உள்ளே விட்டு அப்படியே இருப்பதும், கொட்டானின் பின்னலை மட்டுமே நகத்தால் வருடிக்கொண்டிருப்பதும் தெளிவான பதில்கள். அவர்களின் கையைப் பிடித்து எதற்குள்ளும் வைக்காதீர்கள். கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லுமாறு வற்புறுத்தவும் வேண்டாம். கண்டதை ஒரு நோட்டில், “நாடுவது”, “தவிர்ப்பது” என இரண்டு பத்திகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாடுவதை இன்னொருவர் தவிர்ப்பார் என்பது அதில் விரைவிலேயே புலப்படும். தோட்டத்தின் வரைபடம் அந்த நோட்டிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

பெற்றோரிடமும், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரிடமும் ஆலோசனை பெறுங்கள். யாருக்கு என்ன வேறுபாடு என்ற விவரம் அந்த நோட்டில் வேண்டாம், சுவரொட்டியிலும் வேண்டாம். உரியவரும் பெற்றோரும் இசையாமல் புகைப்படம் எடுக்கவே கூடாது.

இடமும் அனுமதியும்

இருபதுக்கு முப்பது அடி இருந்தாலே போதும். ஏற்கெனவே ஒரு வேம்போ புங்கையோ நின்று நிழல் தருமானால் பாதி வேலை முடிந்தது போலத்தான். நம் பகுதியின் சித்திரை வெயிலில், புதிதாக நட்ட கன்று நிழல் தரும்வரை காத்திருக்க முடியாது. காலை, நண்பகல், பள்ளி விடும் நேரம் ஆகிய மூன்று வேளைகளிலும் அங்கே போய்ச் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். பள்ளி மணி, சத்துணவுக்கூடத்தின் தாளிப்பு மணம், கழிப்பறை வாடை, பேருந்தின் ஹாரன், கோயில் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கி ஆகியவற்றில் எவை அங்கு எட்டுகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். செடிவேலி கண்ணை மறைக்குமே ஒழிய ஒலியைப் பெரிதாகத் தடுக்காது. ஒலியைத் தடுக்கக் கனமான சுவரோ உயரமான மண்மேடோ வேண்டும். பாதைக்கும் குழிகளுக்கும் தோண்டும் மண்ணைச் சாலைப் பக்கமாகக் குவித்தால் அந்த மேட்டுக்கு ஒரு பகுதி மண் கிடைத்துவிடும்.

பாதுகாப்பில் ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீரின் மீது தீராத ஈர்ப்பு உண்டு. யாரும் அறியாமல் நழுவிச் சென்று நீரில் மூழ்கிய துயரங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன. நம் ஊர்களில் திரும்பிய பக்கமெல்லாம் ஊருணியும் கண்மாயும் திறந்த கிணறும் இருக்கின்றன. ஆகவே தோட்டத்தைச் சுற்றி வேலியும், பெரியவர் ஒருவரின் பார்வையில் இருக்கும் ஒரே வாயிலும் கட்டாயம். பழைய செம்புறாங்கல் குவியல்களையும் சீமைக்கருவேல முள்ளையும் பெரியவர்களைக் கொண்டு அகற்றுங்கள். பாம்பும் தேளும் தங்கும் இடங்கள் அவை.

தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் போகும்போது வரைபடத்தையும், யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்ற பட்டியலையும் கையில் கொண்டு செல்லுங்கள். தேசிய பசுமைப் படையோ நாட்டு நலப்பணித் திட்டமோ உங்கள் பள்ளியில் இருந்தால் அதன் வழியாகச் செய்வது எளிது. பள்ளியில் இடமில்லாத நிலையில், ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டுத் தோட்டங்களை நினைத்துப் பார்க்கலாம். வீட்டு ஆச்சியிடம் நேரில் போய்க் கேளுங்கள். இசைந்தால், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நேரங்களில் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வரைபடம்

இதற்கு வெளியூர் மாதிரிகளைத் தேடி அலைய வேண்டாம். நம் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே போதும். முகப்பு, நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தூண் வரிசையோடு நிழலான தாழ்வாரம், அதற்கும் அப்பால் இரண்டாம் கட்டு என ஒவ்வொரு கட்டாக உள்ளே போகப் போகத் தெருவின் சந்தடி குறைந்துகொண்டே வருகிறது. தோட்டத்தையும் அப்படியே பகுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் வரைபடமும் வரவேற்பும். நடுவில் ஓடவும் ஆடவும் திறந்த வெளி. சுற்றிலும் நிழலில் தொடுகைக்கும் மணத்துக்கும் உரிய இடங்கள். கடைசியில் அமைதிக்கான மூலை. அந்த மூலைக்குப் போக மற்ற இடங்களைக் கடந்தாக வேண்டும் என்று இருக்கக் கூடாது. முகப்பிலிருந்து ஓரமாக நேர்வழி ஒன்றும் வேண்டும். திணறிக்கொண்டு வரும் பிள்ளை வெட்டிவேர் மணத்தையும் ஊஞ்சல் ஓசையையும் தாண்டி வரும்படி ஆகிவிடக் கூடாது.

பாதை வளைந்து சென்று தொடங்கிய இடத்துக்கே திரும்ப வரட்டும். முட்டுச்சந்து பதற்றத்தைக் கூட்டும். சக்கர நாற்காலிக்கு 120 செ.மீ. அகலமும், ஏற்றம் உள்ள இடத்தில் 12 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மிகாத உயரமும் இருக்க வேண்டும். சரளைச் செம்மண்ணை நனைத்து நன்றாகத் திமிசு போட்டு இறுக்கினால் சக்கரம் புதையாது. பாத்திகளில் இரண்டையாவது 60 முதல் 75 செ.மீ. உயரத்தில் கட்டுங்கள், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதானால் அகலம் 60 செ.மீ. போதும்.

முகப்புப் பலகையில் ஒரு படம், அதன் கீழ் ஒரே வரி, பெரிய எழுத்து, எழுத்துகளுக்கிடையே தாராளமான இடைவெளி, மினுமினுப்பு இல்லாத வெளிர்மஞ்சள் பின்னணி என்று வைத்தால், வாசிக்கத் தடுமாறும் தோழர்களுக்கும் அது உதவும். பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டானில் அடையாள வில்லைகளை வையுங்கள். பச்சை வட்டம் அணிந்தவரிடம் பேசலாம். மஞ்சள் சதுரம் அணிந்தவரிடம் அவருக்கு ஏற்கெனவே பழக்கமானவர் மட்டும் பேசலாம். சிவப்பு முக்கோணம் அணிந்தவரை அவர் போக்கில் விட்டுவிட வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் கூட்டங்களுக்காகத் தாங்களே வகுத்த வண்ண வில்லை முறையை ஒட்டியது இது. வண்ணம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகவே வடிவத்தையும் சேர்க்கச் சொல்கிறேன்.

தொடுகை

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதற்குக் கடையில் பொருள் வாங்குவது தேவையற்றது. நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சை நினைத்துப் பாருங்கள். முட்டை வெண்கரு சேர்த்து, பல பூச்சுகளாகப் பூசித் தேய்த்து மெருகேற்றிய அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், கோடையிலும் குளிர்ச்சியாக, எங்கும் ஒரு கீறல்கூடத் தட்டுப்படாமல் கை வழுக்கிக்கொண்டு போகிறது. கன்னத்தை வைத்து நிற்கத் தோன்றும் சுவர் அது. அந்த வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கண்டுபிடித்து, நிழலில் உள்ள ஒரு சிறு சுவரில் ஆறடிக்கு நான்கடி அளவு பூசித் தரக் கேளுங்கள். அதற்கு அருகிலேயே சொரசொரப்பான செம்புறாங்கல்லை வைத்தால், ஒரே கையெட்டில் இரண்டு முனைகளும் கிடைத்துவிடும். ஈரச் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். உதவிக்கு நிற்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களையும் பயன்படுத்தலாம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கல்லின் முகம் கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கும். விளிம்பு சிதைந்த கற்கள் கிடைக்குமா என்று பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். ஈரத்தில் வழுக்கும் என்பதால் பாதையில் பதிக்காமல் திண்ணையிலும் சுவரிலும் மட்டும் பதியுங்கள். பூவேலை நிறைந்த கற்களை நெருக்கமாகப் பதித்தால் சிலருக்குக் கண் சுழலும். ஒரு நிறக் கற்களே பெரும்பாலும் போதும். இதே காரணத்தால், பள்ளிச் சுவர்களில் வழக்கமாகத் தீட்டும் பளிச்சென்ற கேலிச்சித்திர உருவங்களைத் தோட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எந்தப் பொருளை வைத்தாலும் வெயில் உச்சியில் இருக்கும்போது புறங்கையை அதன்மேல் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத அளவு சுட்டால் அது நிழலுக்குப் போக வேண்டும். சூட்டை உணர்வதில் தாமதமுள்ள பிள்ளைகள் புண்ணான பிறகே கையை எடுப்பார்கள் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

மணமும் ஓசையும்

இரண்டுக்கும் ஒரே விதிதான்: பிள்ளை தானே தொடங்கினால் மட்டும் எழ வேண்டும். இலையைக் கசக்கினால் மட்டும் மணக்கும் கற்பூரவல்லி, துளசி, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சைப்புல் ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. நான்கும் நம் செம்மண்ணில் எளிதாக வளரும். ஒன்றுக்கொன்று கலக்காதபடி இடைவெளி விட்டு நடுங்கள். மனோரஞ்சிதமும் மல்லிகையும் எத்தனை அருமையானவை என்றாலும், உட்காரும் இடத்துக்கு அருகே வைத்தால் அந்த மணத்திலிருந்து தப்ப வழியில்லை; தேனீக்களும் வரும். வேலியோரத்தில், காற்று வெளியே கொண்டுபோகும் பக்கத்தில் வையுங்கள்.

காற்றில் ஆடி ஒலிக்கும் மணிகளைத் தொங்கவிடும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. வேண்டாம், ஒலி துன்புறுத்தும்போது அதை நிறுத்த யாராலும் இயலாது. அதற்குப் பதிலாக மானாமதுரையிலிருந்து வெவ்வேறு அளவில் நான்கைந்து மண்பானைகளை வாங்கி, மணலில் பாதி புதைத்து வையுங்கள். கடம் செய்வதற்குப் பெயர்போன மண் அது. விரலால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரத்தில் பேசும், கையை எடுத்தால் ஓய்ந்துவிடும்.

உடல் அசைவு

புலன்கள் ஐந்தோடு முடிவதில்லை. உடல் சாய்கிறதா சுழல்கிறதா என்று உட்காது சொல்வது ஒன்று. கை கால் எங்கே இருக்கின்றன, எவ்வளவு விசையோடு அழுத்துகின்றன என்று தசையும் மூட்டும் சொல்வது மற்றொன்று. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) 1970-களில் இவ்விரண்டுக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதினார். கனமான பொருளைத் தள்ளுவதும் இழுப்பதும் சுமப்பதும் பலரது உடலை நிதானப்படுத்துகின்றன. நம் பாட்டிமார் நாள்தோறும் செய்த வேலைகளே அவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலோ, பயன்படாமல் கிடக்கும் வீட்டுக் கொல்லைகளிலோ ஓர் ஆட்டுக்கல்லைத் தேடிப் பிடித்து, பெரியவர்களைக் கொண்டு தரையில் உறுதியாகப் பதியுங்கள். குழவியைச் சுற்றச் சுற்றத் தோள்பட்டை வரை இறங்கும் அந்தக் கனம் விலை கொடுத்து வாங்கும் எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. உலக்கை மட்டும் வேண்டாம், காலில் விழும். சிறு குடங்களில் தண்ணீர் மொண்டு செடிகளுக்குச் சுமந்து ஊற்றுவதையும் பிள்ளைகளின் அன்றாட வேலையாக்கலாம்.

ஊஞ்சலுக்குத் தேக்குப் பலகை பார்க்க அழகு, இடித்தால் ஆபத்து. கெட்டித் துணித் தூளியோ பழைய டயரோ நல்லது. ஊஞ்சல் ஆடும் திசையில் முன்னும் பின்னும் தாராளமாக இடம் விட்டு, தரையில் மணல் பரப்புங்கள். சங்கிலியின் கிறீச்சொலிக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் இடுங்கள். பலருக்கு அந்த ஓசையே ஊஞ்சலை வெறுக்க வைத்துவிடும்.

அமைதி மூலை

பணம் குறைந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் கட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர், தலைக்கு மேல் நாட்டு ஓடு, பக்கங்களில் இடுப்பளவு மறைப்பு, ஒருவர் மட்டும் உட்காரும் தரை. ஓலைக்கூரை தீப்பற்றும் என்பதால் தவிருங்கள். கதவும் தாழ்ப்பாளும் கூடாது. வெளியில் நிற்கும் பெரியவருக்கு உள்ளே இருப்பவரின் தலையாவது தெரிய வேண்டும். உள்ளே செடி, படம், ஒலி எதுவும் தேவையில்லை.

இங்கே போனவரிடம் யாரும் “என்ன ஆச்சு?” என்று கேட்கக் கூடாது. தாங்க முடியாமல் அழுது கத்தும் தோழரைக் கண்டால், கூட்டத்தை விலக்குங்கள், பேச்சைக் குறையுங்கள், கையைப் பிடிக்காமல் சற்றுத் தள்ளி இருங்கள், சிறப்பாசிரியரை அழையுங்கள். தானாக வெளியே வரும்வரை நேரம் கொடுங்கள்.

நடக் கூடாதவை

வாயில் எதையும் வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் வருவார்கள். அரளியும் தங்க அரளியும் நம் ஊரில் வேலியழகுக்காக எங்கும் நிற்கின்றன. இரண்டும் உயிரைப் பறிக்கும் நஞ்சு. ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு, உண்ணிச்செடி ஆகியவையும் கூடாது. எருக்கு, திருகுகள்ளி இரண்டின் பாலும் கண்ணைப் பாழாக்கும். பூனைக்காலி கொடியின் சுணை பட்டால் அரிப்பு அடங்காது. பார்த்தீனியம் ஒவ்வாமை தரும். தொட்டாற்சுருங்கியைப் பிள்ளைகள் விரும்புவார்கள், ஆனால் அதற்கு முள் உண்டு. ஒரு தொட்டியில் தனியாக வைத்து, உடன் ஒருவர் இருக்கும்போது மட்டும் காட்டலாம். பூச்சிமருந்து அறவே வேண்டாம்.

காலமும் பராமரிப்பும்

பள்ளி திறக்கும் ஜூனில் கேட்கத் தொடங்கினால், ஆடி, ஆவணியில் கல்வேலையும் பாதையும் முடியும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் செடிகள் வேர் பிடித்துவிடும். நம் தரை கெட்டியான செம்புறை என்பதால் மரக்கன்றுக்கு இரண்டடி ஆழம், அகலம், நீளத்தில் குழி எடுத்து, உரிய அனுமதியோடு கொண்டுவந்த கண்மாய் வண்டலும் மட்கிய எருவும் இட்டு நிரப்புங்கள். கோடைக்குப் பானைப் பாசனம் கைகொடுக்கும்: சுட்ட மண்பானையைக் கழுத்து வரை செடியருகே புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், மெல்லக் கசிந்து வேரை நனைத்துக்கொண்டிருக்கும். விளையாடுவதற்காகக் கல்தொட்டியில் தண்ணீர் வைத்தால் ஒரு சாணுக்கு மேல் ஆழம் வேண்டாம். கொசு முட்டை நிலையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறையேனும் கொட்டிக் கழுவுங்கள்.

திறப்பு விழா, ஒலிபெருக்கி, ரிப்பன், பொன்னாடை எதுவும் வேண்டாம். முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு நேரத்தில் இருவர் மட்டும் வரட்டும். ஒரு மாதம் கழித்துப் பழைய நோட்டைத் திறந்து, யாரும் தொடாதவை எவை, எல்லோரும் சுற்றிப் போகிறவை எவை என்று தோழர்களோடு சேர்ந்து பார்த்து, வேண்டாதவற்றை எடுத்துவிடுங்கள். நன்கொடையாளர் பெயர் பொறித்த பொருளாக இருந்தாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தேர்வு முடிந்து போகும்போது பொறுப்பும் கைமாற வேண்டும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருவரை இணைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில்தான் பெரும்பாலான பள்ளித் தோட்டங்கள் காய்ந்துபோகின்றன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த நாளில் பானைகளை நிரப்புவது, வாயில் சாவி யார் வீட்டில் இருப்பது என்று எழுதிப் பள்ளிக் காவலாளியிடமும் தலைமையாசிரியரிடமும் ஒவ்வொரு படி கொடுத்துவிடுங்கள். தோட்டத்தைப் பயன்படுத்தும் தோழர்களில் விரும்புபவர்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.